ஐயாவுக்கு ஓர் அஞ்சலி, திருத்திய பதிப்பு

என் வீட்டுக் கதவைத் திறந்தால் நேர் எதிரே இருக்கும் கதவுக்காரர் கவிதை எழுதுவார், படம் வரைவார், மெட்டும் போடுவார். மூன்று கலையும் தனக்குக் கைவந்தது என்று அவரே நாலு பேரிடம் சொன்ன பாவத்துக்கு எங்கள் கட்டடத்தில் அவருக்கு முக்காலி என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். நான் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கைகாட்டுவது வழக்கம்.

அவருடைய கீர்த்தி ஒரு தினுசானது. கவிஞர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால், "அவரா, பிரமாதமா படம் போடுவாருங்க" என்பார்கள். ஓவியர்களிடம் கேட்டால், "மெட்டுல ஆளு கெட்டி" என்பார்கள். பாட்டுக்காரர்களிடம் போனால், "நல்ல கவிஞருங்க, பாவம்" என்பார்கள். இப்படி ஒவ்வொரு கூட்டமும் அவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைத்தே இருபத்தைந்து வருடத்தை ஓட்டிவிட்டது. அவர் அதை மூன்று பாராட்டாக எடுத்துக்கொண்டார். அந்தக் குணம் இல்லையென்றால் மனுஷன் என்றைக்கோ உருப்பட்டிருப்பார்.

வேலை, இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில். கல்யாண அழைப்பெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்ட பிறகு அந்த அச்சகம் சாவை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. யாராவது போய்ச் சேர்ந்தால் ஓர் அஞ்சலி அட்டை, கைப்பேசியில் அனுப்ப ஒரு சின்னக் காணொளி. கவிதை, பென்சில் படம், பின்னணி மெட்டு மூன்றையும் ஒரே ஆள் செய்ததால் முதலாளிக்கு அவர் மேல் தனிப் பிரியம். அப்பா என்றால் எட்டு வரி, அம்மா என்றால் பன்னிரண்டு, மாமியார் என்றால் நாலு. குடும்பத்தார் கொண்டுவரும் புகைப்படத்தில் செத்தவர் எப்போதும் யாரோ ஒருவரின் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பார். அவருடைய தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை அழித்து, அந்த இடத்தில் ஒரு சட்டைக் காலரை வரைந்து கொடுப்பதில் முக்காலியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெரிய மனிதர்கள் செத்த பிறகு எழுத நேரம் இருக்காது என்பதால் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது அச்சகத்து வழக்கம். கணினியில் அதற்கென்று ஒரு கோப்புறை. அதன் பெயர் 'காத்திருப்போர்'. எந்த நேரமும் அதில் ஒரு பத்துப் பதினொரு பேர் மூன்று கலையிலும் செத்து முடிந்து, நிஜத்தில் மட்டும் பாக்கியாக இருப்பார்கள்.

இவர் மனைவியை நாங்கள் ஊசிக்காரி என்போம். பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. பகலெல்லாம் எண்பது பேரைக் கையால் குத்துவார், வீட்டுக்கு வந்து ஒருத்தரை வாயால் குத்துவார். என்னிடம் எதையும் மறைக்க மாட்டார். மறைத்தாலும் எங்கள் இரண்டு சமையலறைக்கும் நடுவில் இருக்கும் ஜன்னல் மறைக்காது.

முக்காலிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். அவருடைய கவிதை, அவருடைய படம், அட்டையின் உள்பக்கம் அவருடைய பாட்டுத் தட்டு. ஊரில் கவிஞர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு கவிஞரைத் தேர்ந்தெடுத்து அப்படியொரு தொகுப்பை அது போட்டுக் கொடுக்கும். ஐம்பது வயது நிறையாதவராக இருக்க வேண்டும், மன்றத் தலைவரின் கையெழுத்து வேண்டும். இந்தக் கதை நடந்தபோது முக்காலிக்கு நாற்பத்தெட்டு. தலைவர் எண்பத்து நாலு வயதுப் பெரியவர், நாற்பது புத்தகம் எழுதியவர். எல்லோரும் ஐயா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மதியம் மூன்று மணிக்கு மன்றத்துச் செயலாளர் அச்சகத்துக்குப் பேசினார்.

"டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. இன்னைக்குப் பொழுது தாண்டாது. எல்லாம் தயாரா வச்சுக்கங்க."

தயாராக இல்லாமலா? காத்திருப்போர் கோப்புறையில் ஐயாதான் முதல் ஆள், மூன்று வருடமாக. ஆனால் மன்றத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாருடைய அஞ்சலி முதலில் வெளிவருகிறதோ அவருக்குத்தான் இரங்கல் கூட்டத்தில் மைக். கூட்டத்தில் யார் அழவைக்கிறாரோ அவர் அடுத்த தலைவரின் கண்ணில் படுவார். இன்னும் நாலு கவிஞர்கள் தங்கள் தங்கள் வீட்டில் ஐயாவைச் சாகடித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது முக்காலிக்குத் தெரியும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு மணிக்கு விரல் மட்டும் ஓடிவிட்டது.

ஐந்து மணிக்குள் பதினோராயிரம் பேர் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்து இரண்டு சொட்டு விட்டேன், பொய் சொல்வானேன். தையல்காரர் கடையைப் பாதி மூடினார். ஆறு மணிக்கு ஐயா கண்ணைத் திறந்து டீ கேட்டார்.

ஊசிக்காரி வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"உங்க பாட்டக் கேட்டுத்தான் எழுந்துட்டாராம். வாங்க, எங்க ஆஸ்பத்திரியில வேலை வாங்கித் தர்றேன். டாக்டரால முடியாததெல்லாம் நீங்க பாத்துக்கலாம்."

"வயித்தெரிச்சலக் கெளப்பாத. அழிச்சுட்டேன்ல."

"நீங்க அழிச்சா? பதினோராயிரம் கைப்பேசியில ஓடுது. எங்க வார்டு பெருக்குற அம்மாகூட பாடிட்டே பெருக்குறாங்க."

முக்காலி கைப்பேசியை அணைத்துத் துணி அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வைத்தார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ஐயா கூப்பிடுகிறார்.

அங்கே நடந்ததை ஊசிக்காரி வாயிலாகவே கேட்டேன். ஐயாவிடம் ரத்தம் எடுக்கும் சாக்கில் அவரும் அறைக்குள் நின்றிருந்தார். ஐயா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியில் கைப்பேசியைச் சார்த்தி வைத்துத் தன் அஞ்சலியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்பதாவது தடவையாம்.

"வா தம்பி. உக்காரு. சாகலன்னு கோவிச்சுக்காத."

"ஐயா, பெரிய தப்பு நடந்துபோச்சு. மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். ஏழாவது வரியில செருப்புன்னு போட்டிருக்கியே, அது என்ன?"

ஏழாவது வரியிலிருந்து இப்படிப் போனது:

வாசலில் உன் செருப்பு
இன்னும் ஒரு நடை பாக்கி என்று
வாய் திறந்து கிடக்கிறது.

எனக்கு அழுகை வந்ததே அந்த இடத்தில்தான். ஐயாவுக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது.

"நாப்பது புத்தகம் எழுதினவன் செருப்பையா விட்டுட்டுப் போவான்? 'பெருவெளியில் உன் பொற்பாதச் சுவடு'ன்னு போடு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு. எனக்கு யாருமே இவ்வளவு எழுதினதில்ல, பாத்துக்க. செத்தாத்தான் எழுதுவானுங்க, நமக்குக் கேக்காது. நீ ஒருத்தன்தான் கேக்குற மாதிரி எழுதியிருக்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. கொஞ்சம் திருத்தணும்."

வெளியே வந்த முக்காலியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சமாம். "ஐயாவே திருத்தித் தர்றேங்கறாரு" என்று மனைவியின் கையைப் பிடித்தாராம். அவர் கையில் ஐயாவின் ரத்தக் குப்பி இருந்தது. விழாமல் பார்த்துக்கொண்டார்.

அப்படி ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு வருடம் நடந்தன. காலை பத்து மணிக்குப் படத்தாள் சுருள், மெட்டு வாசிக்கும் சின்ன விசைப்பலகை, நீல நிறக் கோப்பு மூன்றையும் தூக்கிக்கொண்டு இவர் படியிறங்குவார். நீலக் கோப்பில் அவருடைய சொந்தக் கவிதைகள் நூற்றுப் பன்னிரண்டு, தொகுப்புக்காக. ஐயா வீட்டில் மருமகள் ஒரே ஒரு டீ கொண்டுவந்து ஐயாவுக்கு வைத்துவிட்டுப் போவார். பிறகு ஐயா சோபாவில் நீட்டிப் படுத்து, கைகளை நெஞ்சின் மேல் கோத்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"படுத்துக் கேட்டாத்தான் சரியா தெரியும். ம், ஆரம்பி."

இவர் பாடுவார். பிடிக்காத இடம் வந்தால் ஒரு கண் மட்டும் திறக்கும்.

"'தெருமுனை டீக்கடை உன்னைத் தேடும்'னு வருதே, டீக்கடைக்காரன் என்ன எதுக்குத் தேடறான்? 'திசைகள் உன்னைத் தேடும்'. எழுதிக்க."

"சரிங்கய்யா."

"மெட்டு இன்னும் கொஞ்சம் மெதுவா போகட்டும். அழறவனுக்கு மூக்கச் சிந்த நேரம் குடுக்கணுமில்ல?"

ஐயாவுக்குப் பெருவெளி என்ற சொல் மேல் ஒரு பித்து. நாற்பது புத்தகத்திலும் அது இல்லாத பக்கம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் ஒரு பெருவெளி உள்ளே நுழைந்தது, முக்காலியின் ஒரு வரி வெளியே போனது. படத்துக்கும் அதே கதி. முதலில் தாடைக்குக் கீழே தொங்கும் சதை போனது. பிறகு காது சிறுத்தது. மூக்கு நேரானது. நெற்றிச் சுருக்கத்தை ஒரு மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தார்கள். கடைசியில் அது யார் முகம் என்று ஐயாவின் மருமகளே கேட்டாராம்.

ஒரே ஒரு இடம் மட்டும் தப்பித்தது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாய்.
இனி எழுத்துகள்தாம்
எங்களைப் பார்க்கும்.

இதை ஏன் ஐயா விட்டுவைத்தார் என்று தெரியவில்லை. அந்த இடம் வரும்போது பெரும்பாலும் தூங்கிப்போவார் என்று ஊசிக்காரி சொல்வார்.

ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது முக்காலி நீலக் கோப்பை மேசையோரம் வைத்து, ஒரு தடவை செருமுவார்.

"இது முடியட்டும் தம்பி" என்பார் ஐயா. "முன்னுரையோட உன் தொகுப்ப நானே போடறேன். அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டா எனக்கும் நல்லாயிருக்காது, உனக்கும் நல்லாயிருக்காது."

அந்த இரண்டு வருடத்தில் முக்காலி தனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. அச்சகத்திலும் பழசைத் தூசி தட்டித்தான் ஒப்பேற்றினார். நடுவில் அவருடைய அம்மா போனார், ஒரு சனிக்கிழமை. அச்சகத்து முதலாளி, இவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நல்ல மனசோடு, சேமிப்பிலிருந்து 'தாய், பன்னிரண்டு வரி' என்பதை எடுத்து அட்டை அடித்துவிட்டார். முன்பு எப்போதோ யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் அம்மாவுக்கு முக்காலியே எழுதியது. 'கடை திறக்கும் முன் உன் முகத்தில் விழித்தோம்' என்று வந்தது. இந்த அம்மாவுக்குக் கடையே கிடையாது. முக்காலி அட்டையைப் பார்த்தார், எழுத்துப் பிழை இல்லை என்றார்.

மறுநாள் ஐயா வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஒரே ஞாயிறுதான். அடுத்த வாரம் போனதும் ஐயா கண்ணைத் திறக்காமலே சொன்னாராம்:

"போன வாரம் பத்து மணியிலிருந்து படுத்துக் கெடந்தேன். இனிமே முன்னாடியே சொல்லிரு."

முக்காலிக்கு ஐம்பது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது மன்றத்தின் தேர்வுக் குழு கூடியது. அன்றைக்கு இவர் சவரம் பண்ணி, இஸ்திரிச் சட்டை போட்டு, கைப்பேசியை மேசையில் நிமிர்த்தி வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். நான் சர்க்கரை கேட்கிற சாக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மாலையில் செயலாளரிடமிருந்து செய்தி வந்தது. தொகுப்பு ஒரு பல் மருத்துவருக்கு. வயது நாற்பத்தொன்று. ஐயாவுக்குப் புதுப் பல் செட் கட்டிக்கொடுத்த புண்ணியவான்.

முக்காலி நேராக ஐயா வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பிறகு நடந்ததற்குச் சமையலறை ஜன்னல் சாட்சி.

"என்னதான் சொன்னாரு?" என்றார் ஊசிக்காரி.

"யோசிச்சுப் பாரு தம்பின்னாரு. உனக்குப் புத்தகம் வந்துட்டா நீ பெரிய ஆளாயிடுவ. பெரிய ஆளு எழுதின அஞ்சலியில எழுதினவன்தான் தெரிவான், செத்தவன் தெரியமாட்டான். நீ இப்படியே இருந்தாத்தான் எனக்கு நல்லதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

முக்காலி குழாயைத் திறந்து கை கழுவினார்.

"சொல்லுங்க, என்ன சொன்னீங்க?"

"அதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. கை தவறியா, கை வைத்தா என்று ஜன்னலில் தெரியவில்லை.

"ரெண்டு வருஷம்" என்றார் ஊசிக்காரி. "பெத்த தாய்க்கு ஒரு வரி எழுதல. அந்தாளு இன்னும் பத்து வருஷம் இருப்பாரு. நான்தான ரத்தம் எடுக்கறேன், எனக்குத் தெரியாதா? எல்லாம் சுத்தமா இருக்கு. செஞ்சு வச்சது வீணாத்தான் போகப்போகுது. யாராவது சாகறவங்களுக்காவது குடுத்துத் தொலைங்க."

இந்த அம்மா கோபத்தில் எதையாவது சொல்வார். முக்காலி எதை நெஞ்சில் வாங்குவார், எதை விடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வாங்கிக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் மீசைக்காரர் செத்தார். அவர் இன்னொரு பெரிய கவிஞர். ஐயாவுக்கும் அவருக்கும் நாற்பது வருடப் பகை. ஐயா ஒரு மேடையில் மீசைக்காரருடைய கவிதையை உரைநடை என்றார். மீசைக்காரர் அடுத்த மேடையில் ஐயாவுடையது அதுகூட இல்லை என்றார். அதோடு பேச்சு நின்றது. ஒருவர் உட்கார்ந்த மேடையில் இன்னொருவர் ஏறமாட்டார்.

மீசைக்காரரின் அஞ்சலி முதலில் வந்தது முக்காலியிடமிருந்துதான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என்ன வேலை பாக்கி இருந்தது? இரண்டு வருடத்துத் திருத்தத்தில் படம் யாருடைய முகமாகவும் இல்லாமல் போயிருந்ததால் ஒரு மீசை போதுமானதாக இருந்தது. பெருவெளிக்குள் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம். மீசைக்காரரும் கண்ணாடி போட்டவர்தான், ஆக அந்த வரியும் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு முந்தின காணொளி யாருக்கும் ஞாபகமில்லை. காணொளியில் ஒரு துண்டுதான் விட்டிருந்தார். முழுசும் கூட்டத்தில்.

"ஐயா வருவாரா?" என்று நான் ஊசிக்காரியைக் கேட்டேன்.

"வராம? எதிரி செத்தத நேர்ல பாக்க வேணாமா? நீங்களும் வாங்கக்கா. அந்தாளு மூஞ்சி போற போக்கப் பாக்கலாம்."

அழைக்காமலே போகிற ஆள் நான். அழைத்தால் விடுவேனா?

மன்ற அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மீசைக்காரரின் மனைவி, இரண்டு பேரப்பிள்ளைகள். அவருக்குப் பக்கத்தில், இடைவெளி விட்டு, சக்கர நாற்காலியில் ஐயா. நாங்கள் மூன்றாவது வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தோம். அங்கிருந்து ஐயாவின் இடது பக்க முகமும் இடது கையும் நன்றாகத் தெரிந்தன. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

முக்காலி மேடையேறினார். திரையில் படம் விழுந்தது. விசைப்பலகையில் மெட்டு தொடங்கியது, மூக்கைச் சிந்த நேரம் கொடுக்கும் அந்த மெதுவான மெட்டு.

ஐயாவின் விரல் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்தது. நூறு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அல்லவா? உதடும் கூடவே அசைந்தது. 'திசைகள் உன்னைத் தேடும்' வரைக்கும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணைக்கூட மூடிக்கொண்டார். பிறகு முக்காலி மீசைக்காரரின் பெயரைச் சொல்லி விளித்தார், மூன்று தடவை. அந்த மூன்று தடவையும் ஐயாவே கேட்டு வாங்கிச் சேர்த்தது. விரல் நின்றது. கண் திறந்தது, இந்தத் தடவை இரண்டும்.

ஊசிக்காரி என் தொடையைக் கிள்ளினார்.

முக்காலி அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. பார்வை ஐயாவை விட்டு நகரவில்லை. பெருவெளி, பொற்பாதச் சுவடு, சொற்கடல், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, எதிரியின் தலையில் எடுத்து வைத்தார். ஐயாவின் காது மடல் சிவந்தது. கண்ணாடி வரி வந்தபோது அரங்கமே மூக்கைச் சிந்தியது. மீசைக்காரரின் மனைவி குலுங்கிக் குலுங்கி அழுதார். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக மூன்று கூட்டமும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, அவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பாமல் இருந்த கணம் அது. அரை நிமிடம் இருக்கும்.

அதற்குள் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பெருவெளின்னு ஒரு சொல். இந்த ஊர்ல அந்தச் சொல்ல யாரு சொல்லுவாங்கன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். பொற்பாதச் சுவடு யாரோட பாணின்னு தெரியும். இந்தத் தம்பி ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஐயா வீட்டுக்குப் போய், ஐயா சொல்லச் சொல்ல எழுதிட்டிருக்கறது மன்றத்துல எல்லாருக்கும் தெரியும். நாப்பது வருஷப் பகையத் தூக்கிப் போட்டுட்டு, தன் பேரக்கூடப் போடாம, நண்பனுக்காக ஐயா எழுதின அஞ்சலி இது. இந்தப் பெருந்தன்மைக்கு நாம என்ன செய்யப்போறோம்?"

கைதட்டலில் கூரை பிய்ந்தது. மீசைக்காரரின் மனைவி எழுந்து வந்து ஐயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டா நாப்பது வருஷம் பேசாம இருந்தீங்க? அவரு போறவரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தாரு."

ஐயா மேடையைப் பார்த்தார். முக்காலி மைக்கின் முன்னால் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். இரண்டு மூச்சு இழுத்து விடுகிற நேரம். ஐயா அந்த அம்மாவின் தலையில் கையை வைத்தார்.

"என்ன பண்றது தங்கச்சி. எதிரியா இருந்தாலும் கவிஞனாச்சே."

முக்காலியின் வாய் திறந்தேதான் இருந்தது. அது என்னுடையது என்று சொல்ல அவருக்கு மைக்கும் இருந்தது, கூட்டமும் இருந்தது. ஆனால் அடுத்த வாக்கியம்? இது ஐயா செத்தால் பாட வைத்திருந்தது, பழசை மீசை ஒட்டி உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டேன் என்று அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு நேரே சொல்ல வேண்டும். ஊசிக்காரி பாதி எழுந்துவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"விடுங்கக்கா, நான் சொல்றேன்."

"பேசாம உக்காரு. சாவு வீட்டுக் கூட்டத்துல மானத்த வாங்காத."

யாருடைய மானம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மேடையில் முக்காலி வாயை மூடிக்கொண்டு விசைப்பலகையை உறையில் போட ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் ஐயாவின் நாற்பத்தொன்றாவது புத்தகம் வந்தது. அந்த அஞ்சலிதான் தலைப்பு. அட்டையில் அதே படம். உள்பக்கம் பாட்டுத் தட்டு. பத்திரிகையில் ஒரு விமர்சகர் ஓகோ என்று எழுதினார். ஒரே குறை, கண்ணாடி, எழுத்து என்று ஓர் இடம் வருகிறதே, அது மட்டும் ஐயாவின் நடையில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது என்றார். அடுத்த அச்சில் அதை எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் முக்காலிக்கு ஐம்பது நிறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். எனக்கே பார்க்க என்னவோ போலிருந்தது, ஒருநாள் கொஞ்சம் அல்வா கொடுத்து அனுப்பலாமா என்று நினைத்து, பிறகு மறந்துவிட்டேன். போன ஞாயிறு பத்தே காலுக்கு அவருடைய கைப்பேசி அடித்தது. ஊசிக்காரி பிடுங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார், சண்டை போடத்தான். ஐயா இவர் வாயைத் திறக்க விடவில்லை.

"என்ன தம்பி, வர்றதில்ல? கோவமா? நீதான அத அவனுக்குத் தூக்கிக் குடுத்த. சரி, போகட்டும், எனக்கும் அதால நல்லதுதான் நடந்துச்சு. ஆனா பாரு, இப்ப எனக்குன்னு ஒண்ணும் இல்ல. எண்பத்தாறு ஆச்சு. திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா என்னத்தப் பாடுவாங்க? அந்தச் செயலாளர் எழுதினாலும் எழுதிடுவான். மொதல்லருந்து ஆரம்பிக்கணும். வயசு வரம்ப அம்பத்தஞ்சாக்கச் சொல்லிக் குழுவுல பேசிட்டிருக்கேன். என்ன, கேக்குதா?"

"கேக்குதுங்கய்யா" என்றார் முக்காலி, அறையின் அந்தக் கோடியிலிருந்து.

ஊசிக்காரி கைப்பேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு அவரையே பார்த்தார். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"போகப்போறீங்களா?"

"சும்மா பாத்துட்டு வந்துடறேன்."

"சும்மா பாக்கறதுக்கு எதுக்குப் பென்சிலு?"

"முதல் வரி ஒண்ணு தோணியிருக்கு. மறந்துடக் கூடாதில்ல."

ஊசிக்காரி கதவைத் திறந்து வைத்து விலகி நின்றார். நான் அப்போதுதான் தற்செயலாகப் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். முக்காலி சுருளையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தார். நீலக் கோப்பு கையில் இல்லை. என்னைத் தாண்டும்போது நின்று, குரலைத் தாழ்த்தி, அந்த முதல் வரியைச் சொன்னார்.

நல்ல வரி. ஒரு கணம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது, பதினொரு மணிக்குள் ஐயா அடித்துவிடுவார்.